முதலாளி வீட்டுச் சாமான்

கோவில்பட்டியில் தர்மலிங்க அண்ணாச்சி நடத்திய மலிவு விலை சூப்பர் மார்க்கெட்டில் பருப்பு பாதி விலை. அதில் வண்டு இலவசம்.

பொய் விளம்பரம் கூடாது என்று ஓர் அதிகாரி கண்டித்துவிட்டுப் போன மறுநாள், பொட்டலம் போடும் பேச்சியம்மாள் கையில் அண்ணாச்சி மைக்கைத் திணித்தார்.

"ஒரு வார்த்தை பொய் வரக் கூடாது. சரக்கைக் குறை சொல்லவும் கூடாது. ஆனா கூட்டம் நம்பி வாங்கணும். முடியலைன்னா நாளையிலேர்ந்து வராதே."

"சரி அண்ணாச்சி."

மைக்கில் அவள் குரல் கணீரென்று கேட்டது.

"தாய்மாரே, முதலாளி வீட்டுக்கே இந்தக் கடைச் சாமான்தான் போகுது. மாசாமாசம் நான்தான் கட்டி அனுப்புறேன். கல்லுப்பு, தீப்பெட்டி, விளக்குமாறு. இதையெல்லாம் கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்!"

"அப்ப பருப்பு?" என்றாள் ஒருத்தி.

"அதை வேற கடையில வாங்குறாங்க. வேற கடையைப் பத்தி நான் பேசக் கூடாது."

கடையே சிரித்தது. அண்ணாச்சி மைக்கைப் பிடுங்கினார்.

"பொய் சொன்னேனா அண்ணாச்சி? குறை சொன்னேனா?"

"இல்லை. நாளையிலேர்ந்து வராதே."

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள், தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கும் கனியம்மாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே பருப்பில் இரண்டு கிலோ எடுத்துக் கூடையில் போட்டாள்.

"ஏன்க்கா, இவ்வளவு சொல்லியுமா?" என்றாள் பேச்சியம்மாள்.

"நீ சொன்னது நெசந்தான் தாயி. அதுக்காக பிள்ளைகளுக்கு விளக்குமாத்தையா ஆக்கிப் போட முடியும்?"

பேச்சியம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வெயில்ல பரப்பி வைங்கக்கா, வண்டு ஓடிரும். எங்க வீட்டுலயும் இதைத்தான் திங்கோம்."