ராஜாவின் மூக்கடியில் ஒரு விரல்

ரொம்ப காலத்துக்கு முன்னால் நெட்டூர் நாட்டை வச்சிரபூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். வயது ஐம்பது. மீசை காது வரைக்கும். அவர் தினமும் காலையில் கொலு மண்டபத்தில் தொட்டில் கட்டிப் படுத்துக்கொள்வார்.

காரணம் இல்லாமல் இல்லை. ஆஸ்தானக் கவிராயர் பூதலிங்கம், ராஜாவைக் குழந்தையாகவும் தன்னைத் தாயாகவும் பாவித்து, நூறு பாட்டில் ஒரு பிள்ளைத்தமிழ் பாடியிருந்தார். மற்ற நாட்டு ராஜாக்கள் அதைக் காதால் கேட்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நம் ராஜாவோ, "பாட்டில் தொட்டில் இருந்தால் சபையிலும் இருக்கணும்" என்று சொல்லிவிட்டார். யானைச் சங்கிலியில் தொட்டில் தொங்கிற்று. ராஜா காலில் கொலுசு. கவிராயர் தன் மேல்துண்டை முந்தானையாகப் போட்டுக்கொண்டு, தொப்பை குலுங்க, "சந்திரனே, என் செல்வனோடு ஆட இறங்கி வா!" என்று கூப்பிடுவார். காலையில் சந்திரன் எங்கே வரும்? ஒரு சேவகன் வெண்கலத் தாம்பாளத்தைத் தூக்கிப் பிடிப்பான்.

பாட்டுக்கு அபிநயம் பிடிக்கிறவள் அரண்மனை நாட்டியக்காரி தையல்நாயகி. அவள் அரண்மனையிலேயே பிள்ளை பெற்று, தீட்டுக் கழித்து, மறுபடி ஆட வந்த முதல் நாள் அது. தாலாட்டுப் பாட்டு. 'தூங்கும் பிள்ளையைக் கண்ட தாயின் பேரானந்தம்' என்று கவிராயர் இழுத்தார். வழக்கமாக அவள் இந்த இடத்தில் கன்னத்தில் கைவைத்துப் புன்னகைப்பாள்.

அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வந்தவள் தொட்டிலண்டை நின்றாள். குனிந்து பார்த்தாள். சிரிப்பு அப்படியே வற்றிவிட்டது. மெதுவாக ஒரு விரலை நீட்டி ராஜாவின் மூக்கடியில் வைத்தாள். வைத்த பிறகுதான் அவளுக்கே மூச்சு வந்தது.

சபை சொக்கிப்போய் நின்றது. ராஜாவுக்கு மட்டும் மீசை கூசித் தும்மல் வந்தது. தொட்டில் போய்த் தூணில் இடித்தது.

"என்னடி செய்தாய்?"

"மூச்சு வருதான்னு பார்த்தேன், மகாராஜா. பிள்ளை அசையாமத் தூங்கினா கை தானா போயிடுது."

தன் பாட்டை விட்டுவிட்டு எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தது கவிராயருக்கு வயிற்றெரிச்சல். "அபசாரம்!" என்று குதித்தார். "மூச்சு நின்றிருக்குமோ என்று நினைத்தவள்தானே விரல் வைப்பாள்? ராஜாவின் மரணத்தை மனதால் நினைத்தாலும் ராஜத்துரோகம்! என் நூறு பாட்டில் கிளி வருகிறது, தென்றல் வருகிறது. மூச்சு வருகிறதா என்று ஓரிடத்தில்கூட வரவில்லையே!"

தொட்டிலில் கால் மாட்டித் தலைகீழாகத் தொங்கியபடியே ராஜா தீர்ப்புச் சொன்னார்: "பொழுது சாய்வதற்குள் இவள் நாட்டை விட்டுப் போகணும். பிள்ளை அரண்மனையில் பிறந்தது. அது இங்கேதான் இருக்கும்."

தையல்நாயகி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என் தோளில போட்டாத்தான் அவன் தூங்குவான், மகாராஜா..."

மந்திரி அறவாழி எழுந்தார். "தீர்ப்பு நியாயம்தான் பிரபு. ஒரு சாட்சிதான் பாக்கி. தாய் இப்படிச் செய்வாளா என்று ஒரு தாயைக் கேட்டுவிடலாமே?"

"கேளும்."

"கவிராயர் அம்மா, கொஞ்சம் இப்படி வாங்க."

சபை கொல்லென்று சிரித்தது.

"சிரிக்காதீர்கள். நூறு பாட்டில் தாயாக இருந்தவர்! கவிராயரே, இவள் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு ஆனந்தமாக நில்லும். விரல் மூக்கடிக்குப் போகாவிட்டால் இவள் குற்றவாளி."

"போகவே போகாது! போனால் என் பொன்னாடையை இந்தப் பிள்ளைக்கு மூத்திரத் துணியாக விரிக்கிறேன்!"

ராஜா தொட்டிலை விட்டு இறங்கிச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். பிள்ளையைக் கொண்டுவந்து தொட்டிலில் போட்டார்கள். கவிராயர் கிளியைக் கூப்பிட்டார், பிள்ளை அழுதது. தென்றலைக் கூப்பிட்டார், வீறிட்டது. தாம்பாளச் சந்திரனைக் கண்டதும் நீலம் பாரித்துக் கத்திற்று. கடைசியில் கவிராயருக்குத் தொண்டை கட்டிப்போய், சொல்லெல்லாம் தீர்ந்து, "ம்... ம்..." என்ற முனகல் மட்டும் மிஞ்சியது. பிள்ளை அதற்குத்தான் கண் மூடியது.

"பார்த்தீர்களா, பேரானந்தம்!" என்று கிசுகிசுத்தார் கவிராயர்.

கொஞ்ச நேரம் போயிற்று.

"ஏன் அசையவே இல்லை?" என்றார் ராஜா.

"தூங்குகிறது, மகாராஜா."

"அது தெரிகிறது. வயிறு ஏறி இறங்குகிறதா?"

"இறங்கின மாதிரி... இருந்தது."

சேனாபதி கழுத்தை நீட்டினார். சேவகன் தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டான். கவிராயரின் வலது கை புறப்பட்டது, இடது கை அதை இழுத்துப் பிடித்தது. "அட, யாராவது பாருங்களேன்!" என்று ராஜா சிம்மாசனத்திலிருந்து பாய்ந்தார். கொலுசு ஜல்ஜல்லென்றது. ராஜாவின் விரலும் கவிராயரின் விரலும் அந்தச் சின்ன மூக்கடியில் ஒரே சமயத்தில் முட்டிக்கொண்டன.

"வருது!" என்று கத்தினார் ராஜா. சபை மொத்தமும் பெருமூச்சு விட்டதில் குத்துவிளக்கு அணைந்தது. பிள்ளை விழித்துக் கத்திற்று. தையல்நாயகி யாரையும் கேட்காமல் ஓடிவந்து அதைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"பிரபு," என்றார் மந்திரி, "பிள்ளை சாகட்டும் என்றா விரல் வைத்தீர்கள்?"

"வாயைக் கழுவும்! செத்துவிடக்கூடாதே என்றுதான்—" ராஜா பாதியில் நிறுத்தினார். பிறகு அவளிடம் கேட்டார்: "தினமும் இப்படித்தானா?"

"ஒவ்வொரு தூக்கத்துக்கும், மகாராஜா."

"கவிராயரே, இது ஏன் உம் பாட்டில் இல்லை?"

கவிராயர் தலையைச் சொறிந்தார். "பழைய ஏடுகளைப் பார்த்துத்தான் எழுதினேன், மகாராஜா. ஒரு தாயையும் கேட்கவில்லை."

ராஜா மீசையைத் தடவினார். "எனக்காக நிலாவைக் கூப்பிட்டீர், கிளியைக் கூப்பிட்டீர். இத்தனை வருஷத்தில் எனக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்தவள் இவள் ஒருத்திதான். தையல்நாயகி, நீ எங்கேயும் போகவேண்டாம். இனி பாட்டும் நீயே கட்டு."

பொன்னாடை விரிக்கப்பட்டது. பிள்ளை தாமதிக்காமல் அதற்கு அபிஷேகம் செய்தது. கவிராயருக்குத் தாம்பாளம் தூக்கும் வேலை.

அன்றிலிருந்து தையல்நாயகி ராஜாவின் மூக்கடியில் விரல் வைத்து "வருது!" என்று சொன்ன பிறகுதான் நெட்டூரில் சபை கலையும். ஒருநாள் ராஜா வேடிக்கைக்காக மூச்சை அடக்கிக்கொண்டார். தாம்பாளத்தைக் கீழே போட்டுவிட்டு, "ஐயோ, என் கண்ணே!" என்று முதலில் ஓடிவந்தது கவிராயர்தான்.

ராஜா அங்கே சுகமாகத் தூங்கட்டும். நாம் நம் வீட்டுத் தொட்டிலை ஒருதரம் பார்த்துவிட்டு வருவோம்.