கொத்திக் களைத்த நாகம்

அரசர்களின் பெயர்களை மலைகளும் மறந்துபோன அந்த நாளில், செம்மண்கோட்டை என்றொரு கோட்டை இருந்தது, கேளுங்கள். அதை விடங்கன் என்பவன் ஆண்டான். வீரன்தான். நல்லவன்தான். ஆனால் இருப்புக் கொள்ளாதவன். உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் கை வாளைத் தேடும். சாப்பிட உட்கார்ந்தாலும் கண் வாசலில்தான் இருக்கும்.

பக்கத்து நாட்டுக் கண்டராயனுக்கு அந்தக் கோட்டையின்மேல் ஆசை. மதிலோ உயரம், அவன் படையோ சிறியது. மதிலை உடைக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். ஆகவே அவன் மதிலை விட்டுவிட்டு, மதிலுக்குள் இருந்தவனைச் சீண்டினான்.

முதல் நாள் காலை முப்பது குதிரைக்காரர்கள் வந்தார்கள். ஒரு வைக்கோற்போரைக் கொளுத்திவிட்டு, கூச்சலிட்டுக்கொண்டே ஓடினார்கள். விடங்கன் நூறு குதிரைகளோடு பாய்ந்தான். உச்சிவெயில்வரை துரத்தியும் ஒருவனும் அகப்படவில்லை.

இரண்டாம் நாள் காலையும் வந்தார்கள். மாட்டுக்கிடையைக் கலைத்துவிட்டு ஓடினார்கள். விடங்கன் மறுபடி பாய்ந்தான். திரும்பும் வழியில் பத்துக் குதிரைகள் நுரை தள்ளி விழுந்தன.

மூன்றாம் நாளும் வந்தார்கள். அன்று வெகுதூரம் ஓடி, கள்ளிக்காட்டுக்குள் நுழைந்து, சட்டென்று திரும்பி அடித்தார்கள். விடங்கனின் தம்பி சேந்தன் மார்பில் ஈட்டி வாங்கி விழுந்தான். அவனைத் தூக்கி வந்தார்கள். தலைப்பாகை மட்டும் பகைவன் கையில் போயிற்று.

அன்று பொழுது சாயுமுன் தம்பிக்குக் கொள்ளி வைத்துவிட்டு, விடங்கன் ஈர வேட்டியோடு நடந்து வந்தான். கூடவே தளபதி கொற்றனும் வந்தான்.

"விடிந்ததும் புறப்படுகிறோம், கொற்றா. இருக்கிற குதிரை எல்லாவற்றுக்கும் சேணம் பூட்டு," என்றான் விடங்கன்.

வழியில் ஒரு பெண் தலையில் புல்லுக்கட்டோடு அசையாமல் நின்றாள். அரண்மனை லாயத்துக்குப் புல் அறுக்கும் நாச்சி அவள். அவள் கையை நீட்டி மறித்தாள்.

"நில்லுங்கள், சாமி. அங்கே பாருங்கள்."

புற்றுக்குப் பக்கத்தில் ஒரு கீரியும் ஒரு நாகமும் எதிரெதிரே நின்றன. கீரி மயிரைச் சிலிர்த்துத் தன் உடம்பை இரண்டு மடங்காக்கியிருந்தது. நாகம் படம் விரித்துச் சீறியது.

கீரி முகத்தை முன்னே நீட்டியது. நாகம் கொத்தியது. கீரி ஒரு சாண் பின்வாங்கியது. நாகத்தின் வாயில் மண்தான் பட்டது.

மறுபடி நீட்டியது. மறுபடி கொத்தியது. மறுபடி மண்.

"நம்மைப் போலவே அஞ்சாத பிறவி இந்தக் கீரி!" என்றான் கொற்றன்.

நாச்சிக்குப் பொறுக்கவில்லை. "பாய்கிறது பாம்புதானே, ஐயா? கீரி இன்னும் ஒரு கடிகூடக் கடிக்கவில்லையே," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தப்பாக நினைக்காதீர்கள், சாமி. என் வீட்டுக்காரர் மூன்று நாளாய் உங்கள் குதிரைக்குப் பின்னால் ஓடுகிறார். நேற்றுச் சோற்றில் கையை வைத்தபடியே தூங்கிவிட்டார். நாளைக்கும் ஓடச் சொன்னால் ஓடுவார். திரும்பி வருவாரா என்றுதான் தெரியவில்லை."

விடங்கன் நாகத்தையே பார்த்தான். அதன் கொத்து இப்போது மெதுவாக விழுந்தது. படம் பாதி சுருங்கிவிட்டது. கீரியோ முன்பு பின்வாங்கிய அளவுக்கு இப்போது பின்வாங்கவில்லை.

"கொத்தாதே," என்றான் விடங்கன், தன்னை மறந்து.

நாகம் மெல்லப் பின்னால் ஊர்ந்தது. வாலைப் புற்றுவாயில் விட்டு, உடம்பைச் சுருட்டி, தலையை மட்டும் நிமிர்த்தி அப்படியே இருந்தது. கீரி முகத்தை நீட்டியது; நாகம் கொத்தவில்லை. இடப்பக்கம் வந்து நீட்டியது, கொத்தவில்லை. வலப்பக்கம் வந்து இன்னும் நெருங்கி நீட்டியது. நாகம் பார்த்துக்கொண்டே இருந்தது. இப்போது கீரிக்குத்தான் நிலைகொள்ளவில்லை. சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் சலித்துப்போய்ப் புதருக்குள் ஓடியது.

"நாம் கீரி இல்லை, கொற்றா," என்றான் விடங்கன். "நாளைக்குக் குதிரைகளுக்குச் சேணம் பூட்ட வேண்டாம். எல்லாவற்றுக்கும் கொள்ளு வை. ஆட்களைத் தூங்கச் சொல்."

நான்காம் நாள் காலை பகைவர் வந்தார்கள். இன்னொரு வைக்கோற்போர் எரிந்தது. கதவு திறக்கவில்லை.

"உள்ளே இருப்பவன் ஆணா, பெண்ணா?" என்று கத்தினார்கள். கதவு திறக்கவில்லை. உள்ளே வீரர்கள் பல்லைக் கடித்தார்கள். "அரசருக்குப் பயம் வந்துவிட்டதோ?" என்று ஒருவன் முணுமுணுத்தது விடங்கனின் காதில் விழுந்தது.

மூன்றாவதாகக் கண்டராயனே வந்தான், முழுப் படையோடு. இவர்கள் களைத்து ஓய்ந்துவிட்டார்கள் என்று அவன் எண்ணினான். சேந்தனின் தலைப்பாகையை எடுத்து, எல்லாரும் பார்க்க, தன் குதிரையின் குளம்பைத் துடைத்தான்.

விடங்கன் கதவின் குறுக்குமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. மரச்சிராய் ஏறி உள்ளங்கையில் ரத்தம் வந்தது. கால் அவனை இழுத்தது. வாள் அவனை அழைத்தது. கதவை அவன் திறக்கவில்லை.

வெயில் ஏறியது. கத்திக் கத்திப் பகைவரின் தொண்டை வறண்டது. இனி யார் வரப்போகிறார்கள் என்று சேணத்தை அவிழ்த்தார்கள். கோட்டைக்கு எதிரே இருந்த ஏரியில் குதிரைகளை இறக்கினார்கள். ஈட்டிகளைக் கரையில் சாய்த்துவிட்டு, கைநிறையத் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள்.

அப்போது கதவு திறந்தது.

தூங்கி எழுந்த ஆட்கள்; கொள்ளுத் தின்ற குதிரைகள். மர நிழல் ஒரு முழம் நகர்வதற்குள் எல்லாம் முடிந்தது. கண்டராயன் முழங்கால் தண்ணீரில் வெறுங்கையோடு நின்றான்.

"நேற்றுவரை கூப்பிட்டவுடன் ஓடி வந்தாயே," என்றான் அவன், மூச்சு வாங்க. "இன்று தம்பியின் தலைப்பாகையைக் காட்டியும் ஏன் வரவில்லை?"

"நேற்று ஓடி வந்ததற்குத்தான் தம்பியைக் கொடுத்தேன்," என்றான் விடங்கன்.

சீண்டும்போதெல்லாம் பாய்கிறவன் தன் பலத்தைப் பகைவனுக்கே கொடுத்துவிடுகிறான்.