கயிற்றின் மறுமுனை

பாவாயம்மா மடத்துக்கு ஜனங்கள் நேர்ந்துவிட்ட மாடுகள் அறுபது. கட்டுத்தறி கிடையாது, மலையடிவாரத்தில் தன்பாட்டுக்குத் திரியும். ஒன்றுக்குப் புண் வந்தால் குதிரையில் துரத்தி, கழுத்தில் சுருக்கு வீசி, கயிற்றைச் சேணத்தில் கட்டிவிட்டு, ஆள் இறங்கி நடந்துபோய் மருந்து வைக்க வேண்டும். அதுவரை குதிரை தனியாக நின்று கயிற்றை இறுக்கிப் பிடிக்கும். இது சீடன் மாரப்பன் வேலை. போன மாதம் அவன் போய்ச் சேருவதற்குள் ஒரு கிடாரி கழுத்து நெரிந்து செத்துப்போனது.

குதிரை உடம்பில் முடி சுழித்திருக்கும் சுழி சரியில்லை என்றான் மாரப்பன். பாடைச் சுழியாம், சாவைக் கொண்டுவருமாம். செத்தது மாடு, பழி குதிரைக்கு.

அதைத் தள்ளிவிட்டு வேறு குதிரை மாற்றிக்கொள்ள ஆடிச் சந்தைக்கு ஓட்டி வந்தான். மடத்தின் குரு பாவாயம்மாவும் கூட வந்தாள். அவள் அவனைவிட ஆறு வயது சின்னவள். ஆனாலும் குரு குருதான்.

உள்ளூர் வியாபாரி சென்னியப்பன் ஒரு கறுப்புக் குதிரையை முன்னால் நிறுத்தினான்.

"சுழி பாத்துக்குங்க. ஒரு குத்தம் சொல்லிப்போட்டா மீசையை எடுத்துக்கறேன்."

"உங்களுக்கு மீசையே இல்லீங்களே."

"அந்தத் தைரியந்தானுங்க."

மாரப்பன் அதன் நெற்றி, மார், முதுகு எல்லாம் தடவிப் பார்த்தான். சுத்தம்.

"பழசை என்ன பண்ணுவீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"பாடைச் சுழின்னு தெரிஞ்சா எவனுங்க ஏறுவான்? சூளைக்குத் தள்ளிருவேன். செங்கல் வண்டி இழுத்தே சாகட்டும்."

பழைய குதிரை பக்கத்திலேயே நின்று கொள்ளு தின்றுகொண்டிருந்தது.

"இந்தக் கறுப்பையே எடுத்துக்கலாமுங்களா அம்மா?" என்றான் மாரப்பன்.

"கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சா?"

"ஆச்சுங்க."

"மாடு இன்னும் ஒண்ணும் கேக்கலியே. சுருக்கை இடுப்புல மாட்டிக்குங்க."

மாரப்பனுக்கு ஐம்பது வயது, தொப்பை வேறு. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாட்டிக்கொண்டான்.

சென்னியப்பன் கயிற்றின் மறுமுனையைச் சேணத்தில் கட்டி, குதிரையைப் பின்னுக்கு நகர்த்தினான். கயிறு விறைத்தது. அம்மா குதிரைப் பக்கமிருந்து மாரப்பனை நோக்கி நடந்தாள். நாற்பது அடி தூரம். பாதியில் நின்று திரும்பினாள்.

"சென்னியப்பா, உங்க பக்கம் மழை எப்படி?"

"எங்கீங்க அம்மா. ரெண்டு தூத்தல், அவ்வளவுதான்."

"சோளம்?"

"கருகுதுங்க."

"அம்மா" என்றான் மாரப்பன்.

குதிரை ஒரு எட்டு பின்னால் வைத்தது. கயிறு தொப்பைக்குள் இறங்கியது. முட்டி போட்டுவிட்டான்.

"அம்மா, மூச்சு முட்டுதுங்க."

"இருங்க. பேசிட்டிருக்கோம்ல."

சோளம் முடிந்து ஆடுகளைப் பற்றியும் விசாரித்தாள். அப்புறந்தான் வந்து சுருக்கைத் தளர்த்தினாள்.

"குதிரை எப்படி?"

"இதுவும் இழுக்குதுங்க. அது இழுத்த மாதிரியேதான்."

"சுழி சுத்தமாச்சே."

மாரப்பன் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். மண் ஒட்டாத இடத்தையும் தட்டினான்.

"அன்னிக்குக் கிடாரிகிட்ட நடந்து போறப்போ போன் வந்துச்சுங்க. பாதியில நின்னு பேசினேன்."

"யாரு?"

"மச்சான்."

"என்ன சொன்னாரு?"

யோசித்தான். ரொம்ப நேரம் யோசித்தான்.

"ஞாபகம் இல்லீங்க."

சென்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"அப்ப இது வேண்டாமுங்களா?"

அவள் மாரப்பனைப் பார்த்தாள்.

"நம்ம குதிரையை அவுத்துக்குங்க. ஏற வேண்டாம். மடம் வரைக்கும் அதுகூட நடந்து வாங்க."