ஆலமரத்துக்குப் போன குருவிகள்

நடுவே ஒரு குன்று படுத்திருந்த காட்டில், குளக்கரைப் பனையில் கீற்றன் என்னும் தூக்கணாங்குருவி வாழ்ந்து வந்தது. கூடு பின்னுவதில் அதற்குத் தீராத ஆசை. மாலையானால் பனையிலுள்ள குருவிகளையெல்லாம் கூட்டி வைத்துக்கொள்ளும். எந்த முடிச்சு நழுவியது, யார் கூடு அறுந்தது என்று அவை பேசிப் பேசிக் கற்றுக்கொண்டன.

ஒரு தொல்லைக்கு மட்டும் வழி தெரியவில்லை. சாரைப்பாம்பு பனையேறி வந்து முட்டைகளைத் தின்றது.

"குன்றுக்கு அப்பால் ஈச்சமரத்தில் நம் இனத்தார் இருக்கிறார்களாம். கேட்டு வருகிறேன்" என்று கீற்றன் பறந்தது.

அங்கே முள்ளி என்னும் குருவி பின்னிக் காட்டியது. "வாசலைக் குழல் போல நீளமாகத் தொங்கவிடு. பாம்பு வழுக்கி விழும். எங்கள் கவலை வேறு. காற்றடித்தால் கூடு கவிழ்கிறது."

"உள்ளே ஈரக் களிமண் அப்பிப் பார். கனத்தில் நிற்கும்" என்றது கீற்றன்.

இரண்டு மரங்களிலும் கூடுகள் பிழைத்தன. கீற்றனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஓடைக்கரை வேலமரத்தில் தனித்தனியே திண்டாடிய குருவிகளையும் ஒரு கூட்டமாகச் சேர்த்தது.

இதையெல்லாம் ஒரு காகம் பார்த்துக்கொண்டிருந்தது.

"கீற்றா, உனக்கு ஏன் இந்த அலைச்சல்? எல்லாரையும் குன்றின் உச்சியிலுள்ள ஆலமரத்துக்கு வரச் சொல். ஒரே கூட்டம், ஒரே தலைவன். அந்தத் தலைவன் நீதான்!"

கீற்றனின் நெஞ்சு நிமிர்ந்தது.

"முட்டைகளை விட்டுவிட்டு அவ்வளவு தூரமா?" என்று, கீற்றன் வந்து அழைத்தபோது முள்ளி தயங்கியது.

"பெரிய கூட்டம் என்றால் சிரமம் இருக்கத்தான் செய்யும்" என்றது கீற்றன்.

மறுநாள் மாலை ஆலமரம் நிறைந்தது. கீற்றன் உச்சிக் கிளையில் நின்று வெகுநேரம் பேசியது. ஓரக் கிளைகளில் இருந்தவற்றுக்கு அது காதில் விழவே இல்லை.

திரும்பி வந்தபோது பனையில் கூடுகள் கிழிந்து தொங்கின. கீழே முட்டை ஓடுகள் சிதறிக் கிடந்தன. ஈச்சமரத்திலும் வேலமரத்திலும் அதே கதி. காகத்தை அன்று ஆலமரத்தில் யாருமே பார்க்கவில்லை.

கீற்றன் ஈச்சமரத்துக்குப் போனது. "தலைவன் என்றதும் மயங்கிவிட்டேன், முள்ளி."

"போன முட்டைகள் போனவைதான். இனி என்ன செய்யலாம்?"

"அவரவர் மரத்திலேயே கூடுவோம். மரத்துக்கு ஒரு குருவி மட்டும் அடுத்த மரத்துக்குப் போய்ச் செய்தி சொல்லி, கேட்டு வரட்டும்."

குருவிகள் மீண்டும் முட்டையிட்டன. ஒரு மாலை காகம் பனைக்கு வந்தது. குருவிகள் எல்லாம் மரத்திலேயே இருந்தன. அவை கொத்திய கொத்து தாங்காமல் அது ஈச்சமரத்துக்கு ஓடியது. காகத்தைக் கண்டதுமே பனையிலிருந்து கிளம்பிய தூதுக் குருவி அதற்குள் அங்கே செய்தி சொல்லி முடித்திருந்தது. முள்ளியின் கூட்டம் மொத்தமும் அலகைத் தீட்டிக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தது.

ஓடைக்கரைப் பக்கம் காகம் போகவே இல்லை.

நீதி: பிறரோடு சேர்ந்திருக்க வேண்டும், அதற்காகத் தன் இடத்தைக் கைவிடக் கூடாது.