மணையில் உட்கார்ந்தவர்

"காட்டுக்குள்ள போறவன் கையை..." என்று பெரியப்பா ஒருமுறை ஏதோ சொன்னார். கட்டிக்கொண்டு போகணும் என்றாரா, கழுவிக்கொண்டு போகணும் என்றாரா, மாசிலாமணிக்கு நினைவில்லை. இருபத்திரண்டு வருஷம் மெல்போர்னில் இருந்துவிட்டு நாற்பத்தெட்டு வயதில் ஊர் திரும்பியவருக்கு அந்தப் பாதிதான் மிச்சம்.

வந்தவர் சும்மா இருக்கவில்லை. பொள்ளாச்சியில் கல்யாண மேடைகளுக்குப் பூ அலங்காரம் செய்யும் தெய்வானையிடம் போய் வேலை கற்றுக்கொடுக்கச் சொன்னார். குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடர் குருவை "அம்மணி" என்பார். குரு சீடரை "ஏனுங்ணா" என்பாள். சரம் கட்டும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

மூன்றாம் வருஷம் தெய்வானை ஒரு கல்யாண மேடையை முழுசாக அவர் கையில் விட்டாள். மணப்பெண் கேட்டது ஒன்றுதான்: "மேடை காடு மாதிரி இருக்கணும்."

மண்டபத்துக்காரர் சென்னியப்பன் கல்யாணத்துக்கு முந்தின நாள் நாலு மணிக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்துவிட்டால் அந்த வருஷத்து மேடைகள் எல்லாம் மாசிலாமணிக்கு.

மூன்று மணிக்கே வேலை முடிந்தது. மூங்கில் தூண்களில் பெரணியும் காட்டுக்கொடியும் வழிந்தன. பாக்குப் பாளைகளுக்கு நடுவே வெண்தாமரை எட்டிப் பார்த்தது. கூடைகளில் ஒரு பூ மிச்சமில்லை.

தெய்வானை மேடையை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"குறை இருந்தா சொல்லிரு, அம்மணி."

"போய் மணையில உக்காருங்ணா."

"நானா? என் பொண்ணே காலேஜ் முடிக்கப் போறா."

"தாலி கட்டச் சொல்லலீங். உக்காருங்க."

உட்கார்ந்தார். அவள் கீழே இறங்கி முதல் வரிசை நாற்காலியில் அமர்ந்து டீ குடித்தாள். கால் மணி நேரம் போனது. அவருக்குக் கால் மரத்துப்போனது.

"எந்திரிக்கட்டுமா?"

"பொண்ணு நாளைக்கு ரெண்டு மணி நேரம் அங்கதான் உக்காரணும். நீங்க இன்னும் கொஞ்ச நேரம் இருங்க."

இருந்தார்.

"என்ன தெரியுதுங்ணா?"

"கட்டுக்கம்பி."

"அப்புறம்?"

"தெர்மாகோல். டேப்பு. பூ செருகின பச்சை ஸ்பாஞ்சு. அதுலேர்ந்து தோள்மேல தண்ணி வேற சொட்டுது."

"பூ?"

மாசிலாமணி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் நீ இருக்கற பக்கம் பார்த்துக்கிட்டு நிக்குது."

அவள் கடைசி வாய் டீயைக் குடித்தாள். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"யார்தான் இப்படிக் கட்டல? ஆயிரம் பேரும் அங்கதானே உக்காரப் போறாங்க? போட்டோ எடுக்கறதும் அங்கிருந்துதான். இனி வாங்கப் பூவும் கிடையாது. இருக்கறதை உள்பக்கம் திருப்பினா முன்னால வழுக்கை விழுந்துரும். சென்னியப்பன் இப்ப வந்துருவார்."

"வரட்டும்."

"இந்த மேடை எனக்கு என்னன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியுங்ணா."

"அப்புறமும் இது காடு மாதிரி இல்லைன்னுதானே சொல்ல வர்ற?"

தெய்வானை டம்ளரைக் கீழே வைத்தாள்.

"காட்டுக்கு முன்பக்கம் எதுங்ணா?"

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மாசிலாமணி எழுந்து ஏணியை இழுத்துப் போட்டார். முன்தூண்களில் இருந்த பூவில் பாதியைப் பிரித்து உள்பக்கம் கட்ட ஆரம்பித்தார்.