ஒரு விரற்கடைத் தண்ணீர்

ரொம்ப ரொம்ப வருஷத்துக்கு முன்னாலே, வேம்பை நாட்டைச் செந்தூரவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டார். நல்ல மனுஷன்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான்! அன்றைக்கு வெயில் கொளுத்தியதும், "சபையைத் தூக்கிக் குளத்துக்குக் கொண்டு வா!" என்றுவிட்டார். சிம்மாசனம், சாமரம், புலவர்கள் எல்லாம் அரண்மனைக் குளத்துப் படிக்கு வந்து சேர்ந்தாச்சு.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ஒவ்வோர் ஊர் ஏரியிலும் ஒரு குறிக்கல் நிற்கும். தண்ணீர் அந்தக் கல்லுக்குக் கீழே இறங்கிவிட்டால், எவ்வளவு இறங்கியது என்று ஊர்க்கோலால் அளந்து ராஜாவுக்குச் சொல்ல வேண்டும். எந்த ஊரில் தண்ணீர் ரொம்பக் கீழே கிடக்கிறதோ, அந்த ஊருக்குப் பெரிய மடை முதலில் திறக்கும், ஏழு நாளைக்கு. கோல் எல்லா ஊரிலும் ஒரே ஒரு முழம்தான். ஆனால் அதில் கோடு போடுவது அவரவர் இஷ்டம்! ஓர் ஊர் மூன்றாகப் பிரிக்கும், இன்னோர் ஊர் எட்டாகப் பிரிக்கும். வம்பு வராமல் இருக்குமா?

வந்தது. கரிசலூரிலிருந்து கூடை முடைகிற பூவாயி ஓட்டமும் நடையுமாக வந்து நின்றாள்.

"மகாராசா! எங்க ஏரி கல்லுக்குக் கீழே, கோலில் மூணில் ரெண்டு பங்கு இறங்கிப் போயிருச்சு. நெல்லு கதிர் விடுற நேரம். மூணு நாள் தாண்டுனா அத்தனையும் சருகுதான் சாமி!"

ஏரி அதிகாரி அனந்தப்பர் பட்டுச் சால்வையைச் சரி செய்துகொண்டு எழுந்தார். அவருக்குச் சொந்த ஊர் நீர்த்தலை. ஒரு கூடைக்காரி சபையில் பேசுவதே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மகாராஜா, நீர்த்தலையில் எட்டில் ஐந்து பங்கு இறங்கியிருக்கிறது. ஐந்து பெரிதா, இரண்டு பெரிதா? சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்! மடை எங்களுக்குத்தான்."

"அதுவும் சரிதானே!" என்றார் ராஜா. அதோடு விட்டாரா? "ஏ பூவாயி, வீண் வழக்காடினால், இனி எல்லா வருஷமும் உன் ஊருக்குக் கடைசி முறைதான். பேசுகிறாயா, போகிறாயா?"

 ஊரே பூவாயி வாயை நம்பி இருக்கிறது. அவள் நகரவில்லை.

"பேசுறேன் மகாராசா. அதிகாரி ஐயா, ஓர் அதிரசத்தை நூறாப் பிட்டு அஞ்சு துண்டு உங்களுக்கு. இன்னொண்ணை மூணாப் பிட்டு ரெண்டு துண்டு எனக்கு. அஞ்சுதானே பெருசு, சம்மதமா?"

சபை கொல்லென்று சிரித்தது. அனந்தப்பர் முகம் கடுகடுத்தது. "நூறு வேறு, எட்டு வேறு! எட்டுக்குப் பதில் சொல்!"

"நியாயமான கேள்வி!" என்று ராஜா சிம்மாசன நுனிக்கே வந்துவிட்டார். "சொல், சொல்!"

"துண்டு ஒரே அளவா இருந்தாத்தானே எண்ணிப் பார்க்கலாம்? ஒரு முழத்துக்கு இருபத்துநாலு விரற்கடை. அதை மூணாப் பிரிச்சா பங்குக்கு எட்டு. எங்களுக்கு ரெண்டு பங்கு, பதினாறு விரற்கடை. எட்டாப் பிரிச்சா பங்குக்கு மூணு. அவங்களுக்கு அஞ்சு பங்கு, பதினஞ்சு விரற்கடை."

ராஜா தன் கையிலேயே விரலை வைத்து அளந்து பார்த்தார். "அட! பதினாறுதான் பெரிசு!"

அனந்தப்பர் சும்மா இருப்பாரா? சட்டென்று கட்சி மாறினார். "அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள் மகாராஜா! பதினாறு பெரிது. அப்படியென்றால் அவர்கள் தண்ணீர்தான் மேலே! எங்கள் பதினைந்து சிறிது, அதனால் நாங்கள்தான் கீழே!"

ராஜா குழம்பிப்போனார். "அட ஆமாம்..."

"ஐயையோ!" என்று சிரித்துவிட்டாள் பூவாயி. "மகாராசா, இந்தக் குளத்துத் தண்ணி மட்டம்தான் குறிக்கல்னு வையுங்க. அதுக்குக் கீழே ஒண்ணாம் படியில நான் நிக்கிறேன். ஐயா மூணாம் படிக்குப் போகட்டும். மூணு பெருசு, அவர் கணக்குப்படி அவர்தான் மேலே நிப்பார்."

"இறங்கும் அனந்தப்பரே!" என்று உறுமினார் ராஜா. இப்போது யார் தடுக்க முடியும்?

பூவாயி முழங்கால் தண்ணீரில் நின்றாள். அனந்தப்பர் சால்வையோடு ஒவ்வொரு படியாக இறங்கினார். மூன்றாம் படியில் தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது.

"என்ன அதிகாரி, மேலே இருக்கிறீரா?"

"மூ... மூழ்குறேன் மகாராஜா!"

"பார்த்தீங்களா? மட்டத்துக்கு மேலேன்னா பெரிய எண்ணு மேலே. மட்டத்துக்குக் கீழேன்னா பெரிய எண்ணுதான் பள்ளம். பதினாறு கீழே, பதினஞ்சு அதுக்கு மேலே. எங்க ஏரிதான் சாமி பள்ளத்துல கிடக்கு!"

ராஜா துள்ளி எழுந்தார். "கரிசலூருக்கு மடையைத் திற! இந்த நொடியே! குதிரைக்காரன் பறக்கட்டும்!" பூவாயிக்கு அங்கேயே கண் நிறைந்துவிட்டது. ராஜா கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவள் கையில் போட்டார். பிறகு அனந்தப்பரைப் பார்த்து, "நாடு முழுக்க நடந்துபோய், ஊருக்கு ஊர் கோலில் இருபத்துநாலு கோடு உம் கையாலேயே போடும். நீர்த்தலைக்கு இனி என்றைக்கும் கடைசி முறை!" என்றார்.

அனந்தப்பர் சொட்டச் சொட்ட நின்றார். தலை நிமிரவில்லை.

பூவாயி மாலையைத் திருப்பி நீட்டினாள். "இது வேண்டாம் மகாராசா. அந்தக் கடைசி முறையை மாத்துங்க. பொய்க் கணக்குச் சொன்னது இவரு ஒருத்தர். நீர்த்தலைக்காரங்க நெல்லும் காயுதே! பதினாறுக்கு அடுத்தது பதினஞ்சு. எங்களுக்கு அப்புறம் அவங்கதான். வரிசைன்னா வரிசை."

 ராஜா அவளையே பார்த்தார்.

"அப்படியே ஆகட்டும்," என்றார். "மாலையையும் நீயே வைத்துக்கொள்!"

ஏழு நாள் கரிசலூரில் தண்ணீர் பாய்ந்தது. எட்டாம் நாள் காலையில் நீர்த்தலை மடையைத் திறந்துவிட்டவள் பூவாயிதான். பக்கத்தில் உளியும் கையுமாக உட்கார்ந்து, ஊர்க்கோலில் கோடு வெட்டிக்கொண்டிருந்தவர் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?