குமிழித் துளையை அடைத்த நண்டு

கடலடியில் ஓர் இடத்தில் சேறு கன்னங்கரேலென்று கிடந்தது. அதிலிருந்த சின்னச் சின்னத் துளைகள் வழியே மீத்தேன் வாயு ஓயாமல் குமிழி விட்டது. அழுகிய முட்டை நாற்றம் வேறு. நடுவே ஒரு வெள்ளைப் பாறை. அதில் உள்ளடங்கிய ஒரு பொந்து.

அந்தப் பொந்துக்குச் செங்காலி என்ற நண்டு குடிவந்தது. அது ஓடு கழற்றும் நாள் நெருங்கியிருந்தது. பழைய ஓட்டைக் கழற்றினால் புது ஓடு இறுகும்வரை நண்டின் உடம்பு வெண்ணெய்தான். எந்த விலாங்கு வந்து கடித்தாலும் போச்சு. ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் அந்த நாற்றம்! மூக்கைப் பொத்தலாமென்றால் நண்டுக்கு மூக்கு ஏது?

பாறையோரச் சேற்றில் புதைந்திருந்த முத்தாச்சி என்ற மட்டியிடம் போய், இந்தக் கண்றாவியில் எப்படித்தான் காலம் தள்ளுகிறாய் என்று கேட்டது.

முத்தாச்சி பொறுமையாகச் சொன்னது. கீழேயிருந்து வாயு ஏறுகிறது, மேலேயிருந்து கடல்நீரின் கந்தக உப்பு இறங்குகிறது. இரண்டும் சந்திக்கும் சேற்றில் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறுசுகள் குடித்தனம் நடத்துகின்றன. அவை வாயுவைத் தின்று, உப்பைப் பிரித்துப் பிழைக்கின்றன. அதில் கிளம்புவதுதான் நாற்றம். அதை வைத்துத்தான் மட்டிகளின் சாப்பாடு. அந்தச் சின்னஞ்சிறுசுகள் விட்ட மிச்சம் இறுகித்தான் இந்தப் பாறையே உண்டாயிற்று.

"கண்ணுக்கே தெரியாததெல்லாம் பாறை கட்டுமா? யாரிடம் கதை விடுகிறாய்?" என்றது செங்காலி.

கரையோரத்தில் வளர்ந்த நண்டு அது. அலை ஏறும்போது மண்ணை உருட்டி வளையின் வாயை அடைப்பது அதன் வம்சத்து வழக்கம். துளை என்றால் அடைக்க வேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். சேற்றை உருட்டியது, செத்த சிப்பி ஓடுகளைச் சேர்த்தது, ஒவ்வொரு துளையாகக் குத்திக் குத்தி அடைத்தது. முத்தாச்சி வேண்டாம் வேண்டாமென்று கெஞ்சிப் பார்த்தது. செங்காலி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

மெல்ல மெல்ல நாற்றம் அடங்கியது. முத்தாச்சி பட்டினியில் வாடிப்போயிற்று. செங்காலிக்கோ ஏகக் கொண்டாட்டம். இப்போதுதான் வீடு வீடாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாக ஓட்டைக் கழற்றிப் போட்டது.

அன்றைக்கே பொந்து வாசலில் ஒரு கடல் விலாங்கு தலை நீட்டியது.

"இத்தனை நாள் இந்தப் பக்கம் வந்தாலே நாற்றம் குடலைப் பிடுங்கும். யாரோ ஒரு புண்ணியவான் சுத்தம் பண்ணியிருக்கிறான்," என்றது.

செங்காலிக்குப் பாதி உயிர் போய்விட்டது. அடைப்பைப் பிடுங்கி நாற்றத்தை வரவழைக்கலாமென்று பக்கத்துத் துளையில் தன் இடுக்கிக் காலை வைத்தது. வெண்ணெய் இடுக்கி வளைந்ததே தவிர, அடைத்த ஓடு அசையவில்லை. முத்தாச்சியைக் கூப்பிட்டு அழுதது.

"எனக்கு வாய் திறக்கவே தெம்பில்லையே, நான் என்ன செய்வேன்?" என்றது மட்டி.

விலாங்கு பாய்ந்து பெரிய இடுக்கியைக் கவ்வியது. செங்காலி உதறிக்கொண்டு உள்ளே ஒடுங்கியது. இடுக்கி விலாங்கின் வாயோடு போயிற்று. மிச்சத்துக்காக அது மறுபடி தலையை நுழைத்தபோது, சேற்றடியில் முட்டிக்கொண்டிருந்த வாயு ஓர் அடைப்பைப் பிய்த்துக்கொண்டு குபுக்கென்று கிளம்பியது. கருஞ்சேறும் நாற்றமும் முகத்தில் அடிக்க, விலாங்கு திரும்பிப் பாராமல் ஓடியது.

புது ஓடு இறுகியதும் செங்காலி முதல் வேலையாக, மிச்சமிருந்த ஒற்றை இடுக்கியால் எல்லாத் துளைகளையும் திறந்துவிட்டது. நாற்றம் ஏற ஏற முத்தாச்சிக்குத் தெம்பு வந்தது. இப்போது எப்படி இருக்கிறது என்று அது கேட்டது.

"நாறுகிறது," என்றது செங்காலி. "நன்றாக நாறட்டும்."

தன் வீடு எதனால் நிற்கிறது என்று அறியாமல் அதைச் சுத்தம் செய்யப் புறப்படுகிறவர், தம் காவலைத்தான் முதலில் பெருக்கித் தள்ளுகிறார்.